குளத்து நீரை யார் அளப்பது?

தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்தை எடுத்துக்கொண்டாலும், அங்கே தண்ணீரைக் கவனிக்க என்று ஓர் ஆள் இருந்தார். ஏரிப் பாசனத்துக்கு நீர்க்கட்டி இருந்தார். ஊருணியில் யாராவது கால் அலம்பினால் அதட்டுவதற்குக் கரையில் ஒரு பெரியவர் இருந்தார். குடிக்கிற தண்ணீர் கலங்கினால் தேற்றாங்கொட்டையைப் பானையில் உரைத்தார்கள். கிணற்று நீர் உவர்த்தால் நெல்லிக் கட்டையை இறக்கினார்கள். கோடையில் தூர் வாரினார்கள். தண்ணீரைப் பார்த்துக்கொள்வது நம் வேலை என்ற எண்ணம் ஊரில் இருந்தது. அதைத்தான் இங்கே முதலில் சொல்ல விரும்புகிறேன்.

பிழைப்பைத் தேடிப் பெங்களூருக்கு வந்த நம் குடும்பங்களில் பல, இன்று ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் சாலை, கனகபுரா சாலை, ஹெப்பால் என்று நகரின் நான்கு திசைகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு நீச்சல் குளம் உண்டு. வசதி படைத்த சிலர் தனி வீட்டிலேயே குளம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வீடு வாங்கும்போது விளம்பரத் தாளில் நீல நிறத்தில் பளபளத்த அந்தக் குளத்தைப் பார்த்து நாம் மகிழ்ந்தோம். விடுமுறை வந்தால் ஊரிலிருந்து வரும் மைத்துனர் பிள்ளைகளையும் அதில்தான் இறக்கி விடுகிறோம். ஆனால், "அந்தத் தண்ணீரை இன்று யார் சோதித்தார்கள்? என்ன அளவு வந்தது?" என்று கேட்டால், நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

குளம் ஆடம்பரமா, அவசியமா என்ற பழைய வாதத்துக்குள் நான் போகப் போவதில்லை. குளம் இருக்கிறது, அதில் நம் பிள்ளைகள் மூழ்கி எழுகிறார்கள். அதன் நீரை அளந்து, அளவில் வைத்திருப்பது ஒப்பந்தக்காரரின் வேலை மட்டுமல்ல, நம் வேலையும் கூட என்பதே என் கருத்து.

பி.எச். என்னும் ஓர் எண்

நீச்சல் குளத்தில் பார்க்க வேண்டிய அளவுகள் பல இருந்தாலும், முதலில் வருவது பி.எச். என்னும் எண். நீர் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கிறதா, காரப் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று காட்டும் அளவு அது. 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பள்ளியில் லிட்மஸ் தாளை எலுமிச்சைச் சாற்றில் நனைத்துச் சிவப்பாக்கிய நினைவு பலருக்கும் இருக்கும். அதன் நுட்பமான வடிவம்தான் இது. 1909-இல் டென்மார்க் நாட்டின் சோரன்சென் என்ற வேதியியல் அறிஞர், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையைச் சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தபோது இந்த அளவுமுறையை வகுத்தார்.

இந்த எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. கடைத்தராசைப் போல ஒன்று, இரண்டு என்று இது ஏறுவதில்லை. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. 8.2 என்பது 7.2-ஐவிடப் 'பத்து மடங்கு' வேறுபட்ட நீர். ஆகவே, "7.2-க்கும் 8.2-க்கும் ஒன்றுதானே வித்தியாசம்" என்று சொல்லிவிட முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2006-இல் நீச்சல் குளங்களுக்காக வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், குளோரின் போடும் குளத்தின் பி.எச். 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. நம் நாட்டிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் குளத்து நீருக்கென்றே ஐ.எஸ். 3328 என்ற தனித் தரத்தை வகுத்துள்ளது. அப்படி ஒன்று இருப்பதே பல குடியிருப்புகளின் நிர்வாகக் குழுவினருக்குத் தெரியாது.

ஏன் 7.2 முதல் 7.8? காரணம் குளோரினில் இருக்கிறது. பிளீச்சிங் பவுடரையோ குளோரின் மாத்திரையையோ நீரில் போட்டால், அது இரண்டு வடிவங்களில் பிரிந்து நிற்கிறது. ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். கிருமியைக் கொல்லும் வீரன் இதுதான். மற்றொன்று ஹைப்போகுளோரைட் அயனி. இது சோம்பேறி. எந்த வடிவம் எவ்வளவு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது பி.எச். அளவு. 7.2-இல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீரனாக நிற்கும். 7.5-இல் பாதி. 8-க்குப் போனால் கால் பங்குதான். 8.5 ஆகிவிட்டால் பத்தில் ஒரு பங்கு. வெயிலில் குளோரின் அழியாமலிருக்கச் சயனூரிக் அமிலம் சேர்த்த குளத்தில் இந்தக் கணக்கு சற்று மாறும் என்றாலும், பி.எச். ஏற ஏறக் குளோரின் சோர்ந்து போகும் என்பது மாறாது.

இதன் பொருள் என்ன? பி.எச். 8.5 உள்ள குளத்தில் நீங்கள் மூட்டை மூட்டையாக பிளீச்சிங் பவுடரைக் கொட்டினாலும், அதில் பெரும்பகுதி வேலை செய்யாமல் மிதந்துகொண்டிருக்கும். போதாததற்கு, பிளீச்சிங் பவுடரே காரத்தன்மை கொண்டது. கொட்டக் கொட்ட பி.எச். இன்னும் ஏறும், குளோரின் இன்னும் சோம்பும். "மருந்து போடுகிறோம், ஆனாலும் தண்ணீர் பச்சையாகிறதே" என்று கமிட்டிக் கூட்டங்களில் நாம் கேட்கும் புலம்பலுக்குப் பல சமயம் காரணம் இதுதான்.

மறுபக்கம் சாய்ந்தாலும் ஆபத்து. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள சார்லட்ஸ்வில் நகரில், 1980-களில் ஒரு கிளப் குளத்தில் நீந்திய பயிற்சி வீரர்களின் பற்கள் தேய்ந்திருப்பதைக் கண்டு ஆராய்ந்தார்கள். குளத்தின் பி.எச். சுமார் 2.7 என்று தெரிந்தது. 7.4 உள்ள நீரோடு ஒப்பிட்டால் அமிலச் செறிவு ஏறத்தாழ 50,000 மடங்கு! அது 1986-இல் மருத்துவ இதழ்களில் வெளிவந்த செய்தி. அத்தனை தூரம் நம் குளங்கள் போவது அரிது. ஆனால் 7-க்குக் கீழே இறங்கினாலே கண் எரியும், தளக்கற்களுக்கு இடையிலுள்ள சாந்து கரையும், ஏணியும் மோட்டாரின் உலோகப் பாகங்களும் அரிக்கத் தொடங்கும். நம் கண்ணீரின் பி.எச். சுமார் 7.4. குளத்து நீரும் அதை ஒட்டி இருந்தால் கண்ணுக்கு உறுத்தல் குறைவு.

பெங்களூர் நீரின் குணம்

வேறு ஊரில் எழுதிய கையேட்டை அப்படியே வைத்துக்கொண்டு இங்கே குளத்தைப் பராமரிக்க முடியாது. நம் குடியிருப்புகளில் பல காவிரிக் குழாய் எட்டாத பகுதிகளில் எழுந்தவை. குளத்தை நிரப்புவது ஆழ்குழாய்க் கிணற்று நீரோ, டேங்கர் லாரி நீரோதான். டேங்கர் நீரும் பெரும்பாலும் எங்கோ ஒரு போர்வெல்லின் நீரே. கருங்கல் பாறையின் வெடிப்புகளில் நெடுநாள் தங்கியிருந்து வருவதால் இந்த நீரில் சுண்ணச்சத்து மிகுதி. இதை நம் இல்லத்தரசிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம், கீசர் கம்பியில் ஓடு போன்ற படிவு, சோப்பு நுரைக்காத எரிச்சல் என எல்லாவற்றையும் அவர்கள் அனுபவித்தவர்கள்.

அதே சுண்ணம்தான் குளத்திலும் இருக்கிறது. பி.எச். ஏறினால் கரைந்திருக்கும் சுண்ணம் பிரிந்து, தளக்கல்லின் ஓரத்தில் வெள்ளைப் பொருக்காகப் படிகிறது. நீர் பால் கலந்தாற்போல் மங்குகிறது. மணல் வடிகட்டி இறுகுகிறது. வெயில் காலத்தில் ஆவியாகும் நீருக்கு ஈடாக மீண்டும் மீண்டும் கடின நீரையே ஊற்றுகிறோம். ஆவியாவது நீர் மட்டுமே; சுண்ணம் அங்கேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகிறது.

இன்னொரு செய்தி. நிலத்தின் ஆழத்திலிருந்து ஏறும் நீரில் கரியமில வாயு கரைந்திருக்கும். அதனால் குழாயில் பிடித்தவுடன் சோதித்தால் பி.எச். 7 அல்லது 7.2 என்று நல்ல பிள்ளையாகக் காட்டும். காற்று பட்டு அந்த வாயு வெளியேறியதும் பி.எச். ஏறும். குழந்தைகள் குதித்து நீரைக் கலக்கினாலும், அலங்கார நீரூற்றுச் சொரிந்தாலும் ஏறும். ஆகவே புதுநீர் விட்ட அன்றே சோதித்துவிட்டுத் திருப்தி அடையாமல், மறுநாளும் சோதிக்க வேண்டும்.

நீரில் அமிலத்தைத் தாங்கும் இருப்பு ஒன்று உண்டு. ஆல்கலினிட்டி என்பார்கள். இதைக் கப்பலின் அடிப்பாரம் போல நினைத்துக்கொள்ளலாம். அடிப்பாரம் சரியாக இருந்தால் பி.எச். சற்றே ஆடி நிலைக்கு வந்துவிடும். குறைந்தால் ஒரு மழைக்கே தள்ளாடும். லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரை வைத்துக்கொள்வது பொதுவான வழக்கம். நம் போர்வெல் நீரில் இது பெரும்பாலும் கூடுதலாகவே இருப்பதால்தான், அமிலம் ஊற்றி இறக்கிய பி.எச். இரண்டே நாளில் மேலே ஏறிவிடுகிறது. மே மாதத்திலும் செப்டம்பர், அக்டோபரிலும் கொட்டும் மழை இதற்கு நேர்மாறு. மழைநீரில் ஆல்கலினிட்டி கிட்டத்தட்ட இல்லை. பெருமழைக்குப் பின் சோதிக்காமல் குளத்தைத் திறக்கக் கூடாது.

நோட்டில் இருந்த 7.4

நான் எங்கள் குடியிருப்பின் நிர்வாகக் குழுவில் சில ஆண்டுகள் இருந்தவன். குளத்தைப் பராமரிக்க ஓர் ஒப்பந்தக்காரரை வைத்திருந்தோம். அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். நாள்தோறும் காலை, மாலை இரண்டு வேளையும் பி.எச். 7.4 என்று அதில் அழகாக எழுதியிருந்தது. ஒரு நாள் கூட 7.3 இல்லை, 7.5 இல்லை. மோட்டார் பழுதாகி நான்கு நாள் குளம் மூடிக் கிடந்ததே, அந்த நான்கு நாளும் 7.4! சோதனைப் பெட்டியைக் கேட்டேன். வந்தது. மருந்துக் குப்பி காலாவதியாகி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.

குளத்தில் வேலை பார்த்த பையன் திருவண்ணாமலைப் பக்கம். "ஏம்பா, டெஸ்ட் பண்ணாமலே எழுதுறியா?" என்று கேட்டேன். "சார், எனக்கு அதை எப்படிப் பாக்கணும்னு யாரும் சொல்லித் தரலை சார். 7.4-னு எழுதச் சொன்னாங்க, எழுதுறேன்" என்றான். அவன் மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஒப்பந்தக்காரர் மீது வந்தது. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள், அவற்றில் பொறியாளர்கள், மருத்துவர்கள், இரண்டு வேதியியல் முதுகலைப் பட்டதாரிகள். இத்தனை பேர் இருக்கும் இடத்தில் அந்த நோட்டை அத்தனை நாளும் ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை. இது எங்கள் குடியிருப்பின் கதை மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

சோதிப்பது பெரிய வித்தையல்ல

கடைகளில் கிடைக்கும் இரட்டைக் குழல் பெட்டி போதும். ஒரு குழலில் பீனால் ரெட் என்ற திரவத்தை விட்டால், நீரின் பி.எச். அளவுக்கேற்ப மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் மாறும். பக்கத்திலுள்ள நிற அட்டையோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் சில நுட்பங்களைக் கவனிக்காவிட்டால் தவறான எண் வரும்.

நீரை மேற்பரப்பிலிருந்து மொள்ளக் கூடாது. முழங்கை மூழ்கும் ஆழத்தில், புதுநீர் பாயும் துவாரத்துக்கு எட்டத்தில் எடுக்க வேண்டும். அதே நீரால் குழலை முதலில் அலசிக்கொள்ள வேண்டும். விரலால் வாயை மூடிக் குலுக்கக் கூடாது. வியர்வையே கணக்கைக் கெடுக்கும். பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். குழல் விளக்கு வெளிச்சத்தில் ஆரஞ்சும் சிவப்பும் மயங்கும்.

இந்தப் பெட்டியால் 8.2-க்கு மேல் படிக்க இயலாது. ஆகவே கடைசிச் சிவப்பு வந்தால் '8.2' என்று எழுதாமல், '8.2 அல்லது அதற்கு மேல்' என்று எழுத வேண்டும். உண்மையில் 9 கூட இருக்கலாம். அதேபோல, குளோரின் மிக அதிகமாக உள்ள நேரத்தில் சோதித்தால் பீனால் ரெட் கெட்டு, ஊதா கலந்த பொய் நிறம் காட்டும். மருந்து கொட்டிய உடனே சோதிப்பதில் பயனில்லை.

இன்னொரு குழல் குளோரினுக்கு. மலிவான பெட்டிகளில் மஞ்சள் நிறம் காட்டும் ஆர்த்தோடாலிடின் திரவம் இருக்கும். அது மொத்தக் குளோரினைக் காட்டுமே தவிர, அதில் எவ்வளவு வேலை செய்யும் குளோரின், எவ்வளவு செத்த குளோரின் என்று பிரித்துக் காட்டாது. டி.பி.டி. என்ற மாத்திரை இளஞ்சிவப்பு நிறத்தில் வேலை செய்யும் குளோரினைத் தனியாகக் காட்டும். விலை சற்றுக் கூடுதல். குழந்தைகள் இறங்கும் குளத்துக்கு அதைத்தான் வாங்க வேண்டும் என்பேன்.

இந்த இடத்தில் ஒரு பொதுவான தப்பெண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். குளத்தருகே நெடி அடித்தால், "குளோரின் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள்" என்று நம்மவர்கள் நிம்மதி அடைகிறார்கள். உண்மை அதற்கு எதிர்ப்பக்கம். அந்த நெடி, வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து வலுவிழந்த குளோரினின் நெடி. நல்ல குளத்தில் நெடி அதிகம் இராது. குளிக்காமல் குளத்தில் குதிப்பது, எண்ணெய் தேய்த்த தலையோடு இறங்குவது, "சின்னக் குழந்தைதானே" என்று கண்டுகொள்ளாமல் விடுவது எல்லாம் நாமே சேர்க்கும் அழுக்கு. அதற்கு ஒப்பந்தக்காரர் பொறுப்பாக மாட்டார்.

வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையை இறக்கவே கூடாது. சரியான அளவு குளோரின் பெரும்பாலான கிருமிகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர், முறையாகக் குளோரின் போட்ட நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடிருக்கும். அண்டை மாநிலமான கேரளத்தில் 2024, 2025 ஆம் ஆண்டுகளில் மூளையைத் தாக்கும் அமீபாவால் உயிர்கள் பறிபோன செய்திகளை நாம் படித்தோம். தேங்கிய நீரும், பராமரிப்பில்லாத நீரும் இந்த அமீபாவுக்கு வசதி. சரியான பி.எச். அளவில், போதிய குளோரினோடு, வடிகட்டி ஓடும் குளத்தில் அது பிழைப்பது கடினம். பயந்து குளத்தை மூட வேண்டியதில்லை. அளந்து வைத்தால் போதும்.

அமிலமும் அதை ஊற்றும் ஆளும்

பி.எச். கூடினால் குறைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றுகிறார்கள். குறைந்தால் கூட்டச் சலவைச் சோடா. ஆல்கலினிட்டியை உயர்த்தச் சமையல் சோடா. ஒரே மூச்சில் கொட்டாமல், கணக்கிட்ட அளவில் பாதியைச் சேர்த்து, மோட்டாரை ஓட விட்டு, சில மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து, பிறகு மீதியைச் சேர்ப்பதே முறை. அப்போது குளத்தில் ஆள் இருக்கக் கூடாது. இதெல்லாம் காகிதத்தில் எளிது. ஆனால் அந்தக் கேனைத் தூக்குபவர் யார்? பத்தொன்பது, இருபது வயதுப் பையன். கையுறை இல்லை, கண்ணாடி இல்லை, காலில் ரப்பர் செருப்பு.

அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்பது பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் படித்த பாலபாடம். அதை அவனுக்கு யார் சொன்னார்கள்? பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியிலேயே அமிலத்தையும் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி, பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கருகே படைவீரர்கள் மீது ஏவப்பட்டது இதே வாயுதான். காற்றோட்டமில்லாத மோட்டார் அறையில் ஒரு வாளியளவு போதும், ஒருவர் நுரையீரல் பாழாக. பிளீச்சிங் பவுடரையும் குளோரின் மாத்திரையையும் ஒரே டப்பாவில் போட்டு வைப்பதும் தீயை அழைப்பதற்குச் சமம். ஆனால் பல குடியிருப்புகளின் மோட்டார் அறையில் இவை எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நம் பிள்ளைகளின் கண்ணைப் பற்றிக் கவலைப்படும் நாம், அந்தப் பையனின் கண்ணைப் பற்றியும் கவலைப்பட வேண்டாமா? அவனும் ஒரு தாய்க்குப் பிள்ளை. பிழைப்புக்கு வெளியூர் வந்தவர்களின் கஷ்டம் என்ன என்பது நம் சமூகத்துக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய செய்தியல்ல.

தண்ணீரின் விலை

இந்நகரில் 2024-ஆம் ஆண்டின் கோடையை நாம் மறந்திருக்க மாட்டோம். சுமார் 14,000 பொது ஆழ்குழாய்க் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக மாநில அரசே கூறியது. அந்த மார்ச் மாதம் பெங்களூர் குடிநீர் வாரியம், நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. டேங்கர் நீருக்கும் அப்போது விலை நிர்ணயித்தார்கள். ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்குள் 12,000 லிட்டர் லாரி 1,000 ரூபாய் என்று.

நீளம் 10 மீட்டர், அகலம் 5 மீட்டர், சராசரி ஆழம் 1.2 மீட்டர் உள்ள ஒரு சிறு குளத்தைக் கணக்கிடுங்கள். 60,000 லிட்டர் பிடிக்கும். அதாவது ஐந்து லாரி. அடுக்ககக் குளங்கள் இதைப் போலப் பல மடங்கு. பி.எச். அளவைக் கவனிக்காமல் விட்டு, நீர் பச்சையாகி, "வேறு வழியில்லை, காலி செய்துவிட்டு நிரப்புங்கள்" என்று சொல்லும்போது நாம் கொட்டுவது இந்த ஐந்து லாரித் தண்ணீரைத்தான்.

காவிரி நீர் இந்நகருக்கு 1974-இல் முதல் திட்டத்தில் வந்தது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து படிப்படியாக மேடேற்றிக் கொண்டுவருகிறார்கள். காவிரி என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் உள்ள கனம் இங்கே வேறு யாரையும்விட நமக்குத் தெரியும். அந்த நீர் ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போகக் கூடாது என்று சொல்ல நமக்கே முதல் கடமை இருக்கிறது.

"அப்படியானால் குளத்தை மண் போட்டு மூடிவிடலாமே" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பக்கத்துத் தெருவில் குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்களைக் கண்டவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆயினும் நான் உடன்படவில்லை. ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் கிணற்றிலும் குட்டையிலும் மூழ்கி இறக்கும் பிள்ளைகளின் செய்திகள் நாளிதழ்களில் வருகின்றன. ஊருக்குப் போகும் நம் பிள்ளைகளும் அதே கிணற்றடிக்குத்தான் போகிறார்கள். நீச்சல் தெரிந்த பிள்ளை பிழைத்துக்கொள்ளும். அல்சூர் ஏரிக்கரையிலுள்ள கென்சிங்டன் குளம் போன்ற பொதுக் குளங்கள் இத்தனை பெரிய நகருக்குப் போதா. மேலும், நன்றாகப் பராமரித்த குளத்து நீரை ஆண்டுக்கணக்கில் மாற்றத் தேவையில்லை. ஆவியாவதையும் வடிகட்டி கழுவும் நீரையும் ஈடு செய்தால் போதும். இரவில் மேலே விரிப்புப் போட்டால் ஆவியாவதும் குறையும். குளம் தண்ணீரைத் தின்பது பெரும்பாலும் நம் அலட்சியத்தால்தான்.

ஒரே ஓர் எச்சரிக்கை. தண்ணீர்ப் பஞ்சத்தின்போது, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் நீரைக் குளத்தில் விடலாமா என்ற யோசனையை நான் ஒரு கூட்டத்தில் கேட்டேன். கூடவே கூடாது. அது செடிக்கும் கழிப்பறைக்கும் உரியது. பி.எச். சரியாக இருப்பதால் மட்டும் அது குளிக்கத் தகுந்த நீராகிவிடாது.

செய்ய வேண்டியவை

பெரிய செலவு பிடிக்கும் யோசனை எதையும் நான் சொல்லப் போவதில்லை.

முதலாவது, குளத்தருகே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு கரும்பலகை வைக்க வேண்டும். அதில் தேதி, நேரம், பி.எச்., குளோரின் அளவு, சோதித்தவர் பெயர் இருக்க வேண்டும். காலை, மாலை இரு வேளையும் எழுத வேண்டும். பி.எச். 7.2-க்குக் கீழோ, 7.8-க்கு மேலோ இருந்தால் அளவு சரியாகும் வரை குளம் மூடப்பட வேண்டும். வீட்டில் தனிக் குளம் வைத்திருப்போர் நாளுக்கு ஒரு முறையாவது சோதித்து, ஒரு நாட்குறிப்பில் எழுதலாம்.

இரண்டாவது, வாரம் ஒருநாள் குடியிருப்போரில் ஒருவர் தாமே சோதித்து, ஒப்பந்தக்காரர் எழுதிய எண்ணோடு ஒப்பிட வேண்டும். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை இதில் சேர்த்துக்கொள்ளலாம். அமிலம், காரம் என்று பரீட்சைக்காக உருப்போடும் பாடத்தை அவர்கள் கையில் பிடித்துப் பார்ப்பார்கள். மருந்துகளைத் தொடுவது மட்டும் பெரியவர்களோடு நிற்க வேண்டும்.

மூன்றாவது, ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்க வேண்டும். வேலை பார்ப்பவருக்குக் கையுறை, கண்ணாடி, காலணி கொடுத்து, அவருக்குத் தெரிந்த மொழியில் பயிற்சி அளிக்க வேண்டும் என்பது ஒன்று. சோதனைப் பெட்டியின் மருந்துக் காலம் முடியும் முன் மாற்ற வேண்டும் என்பது மற்றொன்று. மலிவான ஒப்பந்தக்காரரைத் தேடும்போது நாம் விலை குறைப்பது இந்த இரண்டிலும்தான்.

எங்கள் குடியிருப்பில் பலகை வைத்த முதல் மாதம் 8.2 என்றும், '8.2-க்கு மேல்' என்றும் எழுத வேண்டியிருந்தது. "இப்படி எழுதி வைத்தால் வீட்டின் மதிப்பு குறையாதா?" என்று ஒருவர் வருத்தப்பட்டார். எண் வெளியே தெரிந்ததால்தான் அமிலம் எவ்வளவு, எப்போது என்று யோசிக்கத் தொடங்கினோம். இன்று அந்தப் பலகையில் 7.3 வருகிறது, 7.6 வருகிறது, சில நாள் 7.8 வந்து குளம் மூடும் நிலைக்கும் போகிறது. அந்தத் திருவண்ணாமலைப் பையன்தான் எழுதுகிறான். நோட்டில் நாள்தோறும் இருந்த அந்த ஒரே 7.4-ஐவிட, மாறி மாறி வரும் இந்த எண்களை நான் நம்புகிறேன்.

கோடை விடுமுறைக்கு முன்னதாகப் பல குடியிருப்புகளில் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம் நடக்கும். கார் நிறுத்தும் இடத்தைப் பற்றியும் பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றியும் பேசுவதோடு, குளத்து நோட்டையும் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் குடியிருப்பில் இது எவ்வாறு நடக்கிறது, என்ன எண் வந்தது என்பதை அன்பர்கள் இவ்விதழுக்கு எழுதினால், மற்றவர்களுக்கும் பயன்படும்.